205/55 ஆர்16 கோடை டயர்: லேபிளில் ஒரு எழுத்துக்கு 150 யூரோ கொடுக்கலாமா?

நெல்லை_கோல்ஃப்:

எல்லோருக்கும் வணக்கம். ஸ்டுட்கார்ட் பக்கத்தில் எஸ்லிங்கனில் இருக்கிறேன். போன நவம்பரில் ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் 7 கார் வாங்கினேன், குளிர்கால டயர் மாட்டியே வந்தது, கோடை டயர் நான்கையும் விற்றவர் டிக்கியிலும் பின்சீட்டிலும் அடுக்கிக் கொடுத்தார். ஈஸ்டர் நெருங்குகிறதே, மாற்றிவிடலாம் என்று நேற்று கெல்லரில் (அடித்தள அறையில்) இருந்து எடுத்துப் பார்த்தேன். ஒரு யூரோ நாணயத்தைப் பட்டனுக்கு நடுவில் செருகினால் அந்தத் தங்க நிற ஓரம் மறையவே இல்லை, அதாவது 3 மிமீ கூட இல்லை. டயரின் பக்கத்தில் இருக்கும் டாட் எண் 2217, அதாவது 2017ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் செய்தது. சட்டப்படி 1.6 மிமீ வரை ஓட்டலாம்தான், ஆனால் எனக்கு மனசு வரவில்லை.

காரணம் இருக்கிறது. போன ஜூனில் நண்பர் காரில் குடும்பத்தோடு உல்மில் இருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். ஏ8 சாலையில் லெமர்புக்கல் சுரங்கம் தாண்டி இறங்கும்போது கொட்டு கொட்டென்று கொட்டியது மழை. முன்னால் வரிசையாகச் சிவப்பு விளக்கு. நண்பர் பிரேக்கில் ஏறி நின்றே விட்டார், வண்டி வழுக்கிக்கொண்டே போய் நின்றபோது முன் வண்டியின் நம்பர் பிளேட்டுக்கும் எங்களுக்கும் ஒரு முழம் இருந்திருக்கும். பின்னால் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த டயர் வாங்கி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, ஈரப்பிடிப்பு, அதாவது நனைந்த சாலையில் பிடிக்கும் திறன், பி என்று ஐரோப்பிய டயர் லேபிளில் இருந்ததாகச் சொன்னார்.

இப்போது கார் பட்டறையில் இரண்டு விலை சொல்கிறார்கள். பெயர் கேள்விப்படாத ஒரு மலிவு டயர், நான்கும் 260 யூரோ, ஈரப்பிடிப்பு பி. இன்னொரு பக்கம் கான்டினென்டல் பிரீமியம்கான்டாக்ட் 7, குட்இயர் எஃபிஷியன்ட்கிரிப் பெர்ஃபார்மன்ஸ் 2, மிஷ்லின் பிரைமசி மாதிரியானவை, 400 யூரோவை ஒட்டி வரும், ஈரப்பிடிப்பு ஏ. ஒரே ஒரு எழுத்து வித்தியாசத்துக்கு இவ்வளவு கொடுப்பது சரியா? வருடம் 14,000 கிமீ ஓடுவேன், பெரும்பாலும் ஆட்டோபான் நெடுஞ்சாலையில்.

கரும்பசை:

சகோ, குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர் படித்துவிட்டு ஒரகடத்தில் ஒரு டயர் ஆலையில் ஆறு வருடம் கலவைப் பிரிவில் இருந்தவள் நான், இப்போது ஹனோவர் பக்கம். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த எழுத்து எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நனைந்த சாலையில் நேர்கோட்டில் பிரேக் போட்டு, ஒரு பொதுவான ஒப்பீட்டு டயரை விட எவ்வளவு நன்றாக நிற்கிறது என்று பார்க்கிறார்கள். ஒப்பீட்டு டயரை 1 என்று வைத்துக்கொண்டால் 1.40 முதல் 1.54 வரை பி, 1.55 வந்துவிட்டால் ஏ. அதற்கு மேல் எவ்வளவு போனாலும் ஏ தான். ஆக, 1.41 வாங்கிய பி டயருக்கும் 1.65 வாங்கிய ஏ டயருக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கலாம், லேபிளில் உங்கள் கண்ணுக்கு ஒரு எழுத்துதான் தெரியும். அளந்து அறிவிப்பதும் தயாரிப்பாளரேதான். அப்புறம் முக்கியமானது, அளப்பது புது டயரை. வளைவில் எப்படி, தேங்கிய தண்ணீரில் எப்போது மிதக்க ஆரம்பிக்கும், எத்தனை கிமீ உழைக்கும், இது ஒன்றுமே அந்த லேபிளில் கிடையாது. சத்தம் என்று போட்டிருக்கும் டெசிபெல் கூட வெளியே தெருவில் நிற்பவருக்குக் கேட்பது, காருக்குள் உங்களுக்குக் கேட்பது இல்லை.

நிற்கும் தூரத்தை வைத்துப் பாருங்கள். 80 கிமீ வேகத்தில் நனைந்த சாலையில் ஒரு டயர் 30 மீட்டரில் நிற்கிறது, இன்னொன்றுக்கு 36 மீட்டர் ஆகிறது என்று வையுங்கள். ஆறு மீட்டர், ஒன்றரை கோல்ஃப் நீளம், அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் முதல் வண்டி முழுசாக நின்றுவிட்ட அதே இடத்தை இரண்டாவது வண்டி கடக்கும்போது அதன் வேகம் இன்னும் கிட்டத்தட்ட 33 கிமீ. பிரேக் போடும்போது வேகம் கடைசி சில மீட்டரில்தான் மளமளவென்று இறங்கும், அதனால் கடைசியில் குறையும் ஒவ்வொரு மீட்டரும் கனமானது. உங்கள் நண்பருக்குக் கிடைத்த அந்த ஒரு முழம் அங்கே இருந்து வந்ததுதான்.

மலிவு டயர் ஏன் மலிவு என்று கேட்பார்கள். ரப்பரில் எப்போதும் ஒரு முக்கோணச் சண்டை உண்டு: ஈரப்பிடிப்பு, உருளும்போது இழுக்கும் தடை, தேய்மானம். ஒன்றை இழுத்தால் இன்னொன்று நழுவும். பழைய காலத்தில் கரித்தூள் மட்டும் போட்டுப் பிசைந்தார்கள், பிடிப்பைக் கூட்டினால் டயர் உருளும்போது சூடாகிப் பெட்ரோல் தின்றது. 1992 வாக்கில் மிஷ்லின் சிலிக்காவைப் பெரிய அளவில் கார் டயரில் கொண்டுவந்த பிறகுதான் இரண்டையும் ஓரளவு சேர்த்துப் பிடிக்க முடிந்தது. ஆனால் சிலிக்கா ரப்பரோடு தானாக ஒட்டாது, நடுவில் சிலேன் என்ற பொருள் சேர்த்து, குறிப்பிட்ட சூட்டில் நேரம் பார்த்துப் பிசைய வேண்டும். ஒரகடத்தில் கலவை இயந்திரத்தில் இருந்து இறங்கும் ரப்பர் தாளைத் தொட்டுப் பார்த்தே என் சீனியர் ஒருவர் சூடு தவறிவிட்டது என்று சொல்லிவிடுவார், ஆய்வகத்தில் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும். அந்த மூன்றில் ஒன்றை மட்டும் தூக்கிக் காட்டி லேபிளில் நல்ல எழுத்து வாங்குவது பெரிய கம்ப சூத்திரம் இல்லை. மூன்றையும் சேர்த்துத் தூக்குவதற்குத்தான் காசு.

ஆகவே லேபிளை வடிகட்டியாக மட்டும் வையுங்கள். ஈரப்பிடிப்பு பி-க்குக் கீழே இருந்தால் பார்க்கவே வேண்டாம். அதற்கு மேல் ஜெர்மன் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி, கார் பத்திரிகையான ஆட்டோ பில்ட் இவற்றின் சோதனைகளைப் பாருங்கள். ஏடிஏசி 2023இல் உங்கள் அளவிலேயே, 205/55 ஆர்16, ஐம்பது டயர்களை ஒன்றாக வைத்துச் சோதித்தது, இதை விட உங்களுக்குப் பொருத்தமானது கிடைக்காது. அந்த ஆண்டில் இருந்து மதிப்பெண்ணில் 70 சதவீதம் ஓட்டும் பாதுகாப்பு, 30 சதவீதம் சுற்றுச்சூழல், தேய்மானமும் அந்த 30க்குள் வருகிறது. மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்து வந்துவிடாதீர்கள், உள்ளே போய் ஈரச்சாலை மதிப்பெண்ணைத் தனியாகப் பாருங்கள். ஜெர்மன் பள்ளி மதிப்பெண் மாதிரி, எண் குறைந்தால்தான் நல்லது.

ஆரே_நதி:

தம்பி, நான் பேர்னில் இருந்து எழுதுகிறேன். சுவிசுக்கு வந்து 31 வருசம், அதில் 20 வருசம் கார் திருத்துகிற கராச்சில் வேலை. தங்கச்சி சொன்னது எல்லாம் சரி. இங்கே சுவிஸ் வாகனச் சங்கமான டிசிஎஸ் போடுகிற ரயர் சோதனையும் ஏடிஏசியோடு சேர்ந்து செய்வதுதான், ஆகவே எதைப் பார்த்தாலும் ஒன்றுதான்.

நான் கையால் பார்த்ததைச் சொல்கிறேன். மலிவு ரயர் புதிதாய் இருக்கும்போது ஆட்கள் குறை சொல்லி வருவது குறைவு. 5 மிமீக்கு வந்த பிறகுதான் வருவார்கள், மழைக்கு ஸ்ரியரிங் லேசாய்ப் போகுது அண்ணை என்று. கழற்றிப் பார்த்தால் ஓரத்தில் ரப்பர் கண்ணாடி மாதிரி மினுங்கும், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாது. நல்ல ரயரில் அந்த அளவு தேய்ந்தபிறகும் நகம் பதியும். இது அறிவியல் சோதனை இல்லை, ஆனால் ஆயிரக்கணக்கில் கழற்றினவன் சொல்கிறேன். தேய்ந்த ரயர் ஈரத்தில் எப்படிப் பிடிக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்று ஐரோப்பிய விதியே 2024 யூலையில் இருந்து புதிதாய் அனுமதி எடுக்கிற ரயர்களுக்கு வந்திட்டுது, அது நல்ல விசயம்.

மாற்றும்போது இரண்டைக் கவனியும். நாலையும் ஒன்றாய் மாற்றுகிறீர், நல்லது. பிறகு எப்போதாவது இரண்டு மட்டும் மாற்ற வேண்டி வந்தால் புதுசைப் பின்னுக்குப் போடும். முன் சில்லு (சக்கரம்) இழுக்கிற வண்டி, முன்னுக்குத்தானே போட வேண்டும் என்று எல்லோரும் நினைப்பது. ஆனால் மழையில் முன் ரயர் விட்டால் வண்டி நேரே போகும், வேகத்தைக் குறைத்தால் திரும்பவும் பிடிக்கும். பின் ரயர் விட்டால் வண்டி சுழலும், அதைப் பிடிக்கிற ஆட்கள் குறைவு. மற்றது, பூட்டி 50 கிமீ ஓடினபிறகு போல்ட்டைத் திரும்ப இறுக்கும், உம்முடைய கோல்ஃபுக்கு 120 நியூட்டன் மீட்டர். காற்றைக் குளிர்ந்த ரயரில் பாரும், பெற்றோல் மூடியின் உள்பக்கம் அல்லது கதவு ஓரத்தில் எழுதியிருக்கும். 400 யூரோ ரயரில் காற்று குறைவாய் ஓடினால் அதன் பலன் எல்லாம் போச்சு.

கழற்றுகிற பழைய ரயரின் உள்பக்கத்தையும் ஒருக்கா பாரும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அதாவது சில்லு நிற்கிற கோணம், பிழை, புதுசையும் அது தின்னும்.

ஓடோமீட்டர்_பித்தன்:

நான் காசுக் கணக்கு சொல்கிறேன். ஒவ்வொரு முறை டயர் மாற்றும்போதும் நான்கிலும் பட்டன் ஆழத்தை அளந்து நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு, 2014இல் இருந்து. அதே 205/55 ஆர்16 தான், கார் ஸ்கோடா ஆக்டாவியா. 270 யூரோவுக்கு வாங்கிய மலிவு செட் 26,000 கிமீயில் 3 மிமீக்கு வந்துவிட்டது. அடுத்து மிஷ்லின், 430 யூரோ, 51,000 கிமீ ஓடிய பிறகுதான் 3 மிமீ. இரண்டுக்கும் மாட்டும் கூலி, பேலன்சிங் 80 யூரோ சேர்த்தால் முதலாவது 1000 கிமீக்கு 13 யூரோவுக்கு மேல், இரண்டாவது 10 யூரோ. விலை அதிகமானதுதான் எனக்கு மலிவாக முடிந்தது. என் வலது கால் ரொம்ப மென்மை, உங்களுக்கு இதே எண் வராது, ஆனால் விகிதம் ஏறக்குறைய இப்படித்தான் வரும் என்று நினைக்கிறேன்.

தேய்வது எங்கே போகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். ஏடிஏசி அளந்ததில் சராசரியாக ஒரு கார் 1000 கிமீக்குச் சுமார் 120 கிராம் ரப்பரைச் சாலையில் விடுகிறது. மழை பெய்தால் அது நெக்கார் ஆற்றுக்குத்தான் போகும். ஐரோப்பிய வாகன மாசு விதியான யூரோ 7இல் முதன்முறையாக இதற்கும் எல்லை வைக்கிறார்கள், இந்த ஒரு விஷயத்தில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

மதுரை_மல்லி:

மதுரையில் இருந்து கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். கோடை டயர் என்றால் வெயில் தாங்கும் டயர் என்றுதானே அர்த்தம்? அப்படியானால் நம் ஊர் சித்திரை வெயிலுக்கும் அதைத்தான் வாங்க வேண்டுமா? இங்கே கடையில் கேட்டால் அப்படி ஒன்றும் இல்லை என்கிறார்கள்.

கரும்பசை:

நல்ல கேள்வி அக்கா, பெயர்தான் ஏமாற்றுகிறது. குளிர்கால டயர் என்று ஒன்று வந்ததால்தான் மற்றதற்குக் கோடை டயர் என்று பெயர். சுமார் 7 டிகிரிக்குக் கீழே போனால் சாதாரண ரப்பர் விறைத்துப் பிடிப்பு குறையும், அதற்காகக் குளிர்கால டயரில் மென்மையான கலவை போட்டு, பட்டனில் மெல்லிய கீறல்கள் நிறைய வைப்பார்கள். நம் ஊரில் கடையில் தொங்குவது எல்லாமே இந்தக் கணக்கில் கோடை டயர்தான், அதனால் தனிப்பெயர் தேவைப்படவில்லை. ஆனால் இங்கே கிடைப்பதை அப்படியே கொண்டுபோனால் நன்றாக இருக்கும் என்று சொல்ல மாட்டேன். அங்கே தார் கொதிக்கும், குழி, ஜல்லி, ஏற்றிப்போகும் பாரம், எல்லாம் வேறு. பக்கச்சுவரும் கலவையும் அதற்கேற்ப வேறு மாதிரி செய்வார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது செய்த வாரம், காற்று, பக்கத்தில் வெடிப்பு. வெயிலில் காற்று குறைந்த டயரோடு நான்குவழிச் சாலையில் 100இல் போவதுதான் டயர் வெடிக்க முதல் காரணம்.

நெல்லை_கோல்ஃப்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு நாள் உட்கார்ந்து அந்த ஐம்பது டயர் பட்டியலை ஈரச்சாலை மதிப்பெண்ணை வைத்து மட்டும் வரிசைப்படுத்தினேன், நான் நினைத்துக்கொண்டிருந்த மலிவு டயர் எங்கே இருந்தது என்று பார்த்ததும் அந்தப் பேச்சை விட்டுவிட்டேன். குட்இயரா கான்டினென்டலா என்று கடைசி வரை குழப்பம். குட்இயர் அதிகம் உழைக்கும் என்று படித்தேன், ஆனால் அந்த இறக்கம் கண்ணிலேயே நிற்கிறது, மழையில் நிற்பதற்குக் கான்டினென்டல் என்று முடிவு பண்ணி வாங்கிவிட்டேன். மாட்டி, பேலன்ஸ் பண்ணி, பழையதை அவர்களே எடுத்துக்கொண்டு 470 யூரோ. நான்கிலும் டாட் எண்ணைக் குனிந்து பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன், எல்லாம் நான்கு மாதத்துக்கு உட்பட்டது.

ஓடோமீட்டர் சகோ சொன்ன மாதிரி அளவுகோல் ஒன்று 6 யூரோவுக்கு வாங்கி நோட்டும் ஆரம்பித்தாயிற்று, முதல் வரி 7.1 மிமீ. ஆரே அண்ணா, பழைய டயரின் உள்பக்கத்தைப் பார்க்கச் சொன்னீர்களே, முன் வலதில் வெளியே 2.8, உள்ளே 1.9. அலைன்மென்டுக்கு வியாழக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன், போல்ட்டையும் அன்றைக்கே இன்னொரு முறை இறுக்கிவிடச் சொல்கிறேன்.