பம்பலப்பிட்டியில் எத்தனை ‘ப’?

வெள்ளவத்தை அம்மா:

இங்கே இலங்கையில், ஜனவரி 31இற்குள் ஐந்து வயது முடிந்த பிள்ளை அந்த ஆண்டே முதலாம் தரத்துக்குப் போகவேண்டும். என் மகளுக்குச் சரியாக ஜனவரி நடுவில் ஐந்து முடிகிறது. வகுப்பிலேயே சின்னப் பிள்ளையாக இருக்கப் போகிறாள் என்ற பயத்தில், எழுத்துப் பழக்கும்போது நான் செய்த பிழையைத்தான் முதலில் சொல்கிறேன்.

நேர்சரியில் ‘அ’வில் தொடங்கினார்கள். சதுரக் கொப்பியில் ஒரு பக்கம் முழுக்க ‘அ’ எழுதிக்கொண்டு வரவேண்டும். ‘அ’வை ஒருமுறை மெதுவாக எழுதிப் பாருங்கள். சுழி, வளைவு, குறுக்குக் கோடு, கடைசியில் நெட்டுக் கோடு. பென்சிலையே இப்போதுதான் பிடிக்கப் பழகும் கைக்கு முதல் நாளே இதுவா? மூன்றாவது வரியில் அழித்து அழித்துத் தாள் ஓட்டையாகிவிட்டது. நான் சத்தம் போட்டேன். அவள் கொப்பியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுப் போய்விட்டாள். இரண்டு நாள் அந்தக் கொப்பியைக் காணவில்லை என்று நானும் அவளோடு சேர்ந்து நடித்தேன்.

பிறகு ஒருநாள் அம்மம்மா வீட்டுக்கு ரயிலில் போனோம். ஒரே ஒரு ஸ்டேஷன்தான், ஆனால் அவளுக்குக் கடல் பார்க்கவேண்டும். பம்பலப்பிட்டியில் இறங்கியதும் பெயர்ப்பலகையைப் பார்த்து, “அம்மா, பட்டத்து ட!” என்றாள். மாமா செய்துகொடுத்த பட்டத்தில் ‘பட்டம்’ என்று எழுதியிருந்ததை எப்போதோ பார்த்து வைத்திருக்கிறாள். சரி, இன்னும் என்ன தெரிகிறது என்று கேட்டேன். ஒரே மாதிரி எழுத்துகளை விரலால் எண்ணினாள். ‘ப’ நான்கு. அதில் ஒன்றுக்குத் தலையில் புள்ளி, இன்னொன்றுக்குத் தொப்பி. ‘ட’ இரண்டு, அதிலும் ஒன்றுக்குப் புள்ளி, ஒன்றுக்குத் தொப்பி. அடுத்த ரயிலே வந்து போய்விட்டது, நாங்கள் இன்னும் பலகைக்குக் கீழேதான்.

அன்றைக்கு எனக்கு உறைத்தது. பம்பலப்பிட்டி என்ற நீளப் பெயரில் இருப்பதெல்லாம் ப, ம, ல, ட என்று நான்கே எழுத்து. அதில் மூன்று எழுத்து, கோடு போடத் தெரிந்தாலே வந்துவிடும். வீட்டு பல்கனித் தரையில் சோக்கால் ‘ட’ போட்டோம். வலப்பக்கம் ஒரு சுவர் எழுப்பினால் ‘ப’. அந்தச் சுவரை ஒரு சுழி சுழித்தால் ‘ம’. புள்ளியை மட்டும் சேர்த்தால் படம், பட்டம், மடம், மட்டம் எல்லாம் எழுதலாம். ஒரு கிழமையில் எழுதினாள். ‘ல’வுக்கு மட்டும் இன்னும் இரண்டு கிழமை பிடித்தது. ‘அ’வை நான் எடுக்கவே இல்லை.

இப்போது புதுச் சிக்கல். எங்கள் ஊர்ப் பெயரை எழுத ஆசைப்படுகிறாள். ‘வெ’யில் முதலில் ‘வ’வை எழுதிவிட்டுக் கொம்பைப் பின்னால் நெருக்கி ஒட்டவைக்கிறாள். “வ தானே முதல்ல கேட்குது” என்கிறாள். நியாயம்தானே? யாராவது இதைத் தாண்டியிருந்தால் சொல்லுங்கள்.

கொட்டாஞ்சேனை ரீச்சர் (ஓய்வு):

தங்கச்சி, உங்கள் மகள் காதால் கேட்டதை எழுதுகிறாள். நல்ல அறிகுறி. பார்த்து எழுதுகிற பிள்ளைக்கு இந்தப் பிழை வராது.

நான் மாட்டைத்தான் கூப்பிடுவேன். கரும்பலகையில் ஒரு மாட்டைக் கீறி, “கொம்பு எந்தப் பக்கம்?” என்று கேட்பேன். முன்னால். “வால்?” பின்னால். உடம்பு இருக்கும் இடத்தில் ‘க’. கொம்பு மட்டும் வைத்தால் கெ. பின்னால் அரவும் (ா) வைத்தால் வாலும் முளைத்துக் கொ. அதிலிருந்து கொழும்பு, கொட்டாஞ்சேனை, கொக்கு. ஒரு மாட்டோடு ஒரு மாதம் ஓட்டியிருக்கிறேன். மேல்மாடியில் இருக்கும் சிங்களப் பெண் இதைக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அவர்களுக்கும் அந்தக் குறி எழுத்துக்கு முன்னால்தான், பெயரும் ‘கொம்புவ’. அவருடைய மகனும் அதே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றான்.

இன்னொன்று. வீட்டில் பெரியவர்கள் ‘ஆனா, ஆவன்னா’ என்று சொல்லிக் கொடுப்பார்கள். எனக்கும் அது காதுக்கு இனிமைதான். ஆனால் ‘அ’வின் பெயரே நெடிலில் தொடங்குகிறது பாருங்கள். அம்மா என்று எழுதச் சொன்னால் ஒரு பிள்ளை ‘ஆம்மா’ என்று எழுதினான், கேட்டால் “ஆனா போட்டேன் ரீச்சர்” என்றான். முதலில் ஓசை, பெயர் பிறகு வரட்டும்.

எழுத்தைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பி எழுதினால் பயப்படாதீர்கள். கோப்பையின் பிடி இந்தப் பக்கம் இருந்தாலும் அந்தப் பக்கம் இருந்தாலும் அது கோப்பை என்றுதான் பிள்ளை நான்கு வருடமாகப் படித்திருக்கிறது. எழுத்துக்கு மட்டும் அந்தச் சட்டம் இல்லை என்று புரிய ஆறு ஏழு வயதாகும். எ, ஏ மாறினாலும் அடிக்கவேண்டாம். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் ஏகாரத்துக்குக் கால் போட்டுக் கொடுக்கும்வரை, எகரத்துக்குரிய புள்ளியைப் போடாத ஏடுகளில் எது எ, எது ஏ என்று பெரியவர்களே இடம் பார்த்துத்தான் வாசித்தார்கள்.

மருதானை உம்மா:

ரீச்சர் சொன்ன திருப்பி எழுதுகிற கதை எங்கள் வீட்டிலும் நடந்தது, ஆனால் வேறு மாதிரி. மகன் பின்னேரம் மதரஸாவுக்கு ஓதப் போகிறான். அங்கே வலமிருந்து இடம். காலையில் நேர்சரியில் இடமிருந்து வலம். ஒருநாள் கொப்பியில் ‘ம்டப’ என்று இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் வலப்பக்கத்திலிருந்து விரல் வைத்து அழகாக ‘படம்’ என்று வாசித்துக் காட்டினான்!

வாப்பா அவனுக்கு ஒரு விளையாட்டு மணிக்கூடு வாங்கி இடது கையில் கட்டிவிட்டார். தமிழ் என்றால் மணிக்கூட்டுக் கைப்பக்கம் தொடங்கவேண்டும், ஓதும்போது மற்றப் பக்கம். இப்போது சரி, ஆனால் குளிக்கவும் கழற்றமாட்டேன் என்கிறான். போன கிழமை கேட்டான், “உம்மா, அலிஃப் ஒரு கோடுதானே, அ மட்டும் ஏன் இவ்வளவு சுத்துது?” வெள்ளவத்தைத் தங்கச்சி எழுதியதை வாசித்தபோது அவன் கேட்டதுதான் நினைவுக்கு வந்தது.

பம்பலப்பிட்டி அப்பப்பா:

விஜயதசமிக்குக் கோவிலில் ஏடு தொடக்கினபோது குருக்கள் பேரன் விரலைப் பிடித்து அரிசியில் எழுதவைத்தார். வீட்டுக்கு வந்ததும் எல்லாரும் பென்சிலைக் கொடுத்தார்கள். நான் மட்டும் ஒரு தட்டத்தில் அரிசியைப் பரப்பி வைத்தேன். பிழைத்தால் தட்டத்தை ஒரு ஆட்டு ஆட்டினால் போதும், அழிறப்பர் வேண்டாம், ஓட்டையும் விழாது. மருமகள் அந்த அரிசியைச் சமைக்கமாட்டேன் என்கிறாள், அது வேறு வழக்கு.

வெள்ளவத்தை அம்மா:

ரீச்சர், மாட்டைக் கீறினோம். எனக்குக் கீற வராது, அது ஆடுமாதிரி வந்தது. பரவாயில்லை, ஆட்டுக்கும் கொம்பு இருக்கிறது. அன்றைக்கே ‘வெ’ சரியாக வந்தது. ‘தை’யை மட்டும் இன்னும் நானே எழுதிக் கொடுக்கிறேன்.

நேற்று கோட்டைக்கு ரயிலில் போனபோது ஜன்னலோரம் இருந்து ஒவ்வொரு ஸ்டேஷனையும் பார்த்துக்கொண்டு வந்தாள். வெள்ளவத்தைக்குக் கொம்பு. கொள்ளுப்பிட்டிக்குக் கொம்பும் வாலும். கொம்பனித்தெருவுக்கும் அப்படியே. திரும்பி வரும்போது நித்திரையாகிவிட்டாள் என்று நினைத்தேன். மடியில் படுத்தபடியே கேட்டாள்:

“பம்பலப்பிட்டிக்கு மட்டும் ஏன் அம்மா கொம்பே முளைக்கேல்ல?”