கொலாஜன் சேர்த்த என்புச் சீமெந்து: சிலைட்டில் வெற்றுக்குழி, சுற்றிவர பலகருக் கலங்கள்

வாவிமீன் (மட்டக்களப்பு):
முயல் தொடை என்பின் கீழ்முனையில் 5 மி.மீ. துளை. கொலாஜன் (நார்ப் புரதம்) கலந்த கல்சியம் பொசுபேற்றுச் சீமெந்து நிரப்பி 4 வாரம். பிறகு 10% போமலினில் பதப்படுத்தி, ஈ.டி.ரி.ஏ.யில் (கல்சியம் நீக்கும் திரவம்) ஊறவைத்து, மெழுகில் பதித்து வெட்டி, எச் அன்ட் ஈ (வழமையான இழையச் சாயம்) போட்டேன். சீமெந்து இருந்த இடம் வெறும் ஓட்டை, விளிம்பில் பலகருக் கலங்கள் (பல கருக்கள் கொண்ட பெரிய கலங்கள்). சேர் "உடல் ஏற்கவில்லை" என்கிறார். மேசன் சாயத்தில் (கொலாஜனை நீலமாக்கும் சாயம்) விளிம்பு முழுக்க நீலம். அப்ப அது புது என்பா?

கல்லடி_காற்று:
ஓட்டை ஈ.டி.ரி.ஏ. செய்த வேலை. என்பின் கல்சியத்தை எடுக்கிற அதே கையால சீமெந்தையும் கரைச்சுப் போடும். ரெண்டும் ஒட்டினபடி தெரிய வேணுமெண்டால் கல்சியம் நீக்காமல் மெதைல் மெதாக்ரிலேற்றுப் பிசினில பதிச்சு, வைர வாளால வெட்டித் தேய்ச்சு, வொன் கோசா (கல்சியப் படிவைக் கறுப்பாய்க் காட்டும் சாயம்) போடுங்க.

பலகருக் கலத்தைக் கண்டதும் நிராகரிப்பு எண்டு எழுதாதீங்க. இந்தச் சீமெந்து குறைஞ்சு என்பு வர என்பரிக்கும் பலகருக் கலங்களும் வேணும். ட்ராப் போடுங்க, அது என்பரிக்கும் கலத்தின் ஒரு நொதியத்தைக் காட்டும் சாயம் (ஈ.டி.ரி.ஏ. தாங்கும், நைத்திரிக் அமிலம் அந்த நொதியத்தைக் கெடுக்கும்). அந்நியப்பொருளைச் சூழுற பலகருக் கலமும் இந்தச் சாயத்தை லேசாய்ப் பிடிக்கிறதால சாயத்தை மட்டும் நம்பேலாது, இருப்பிடத்தைப் பாருங்க. அரிச்ச குழிக்குள்ள கலம், அதுக்குப் பின்னால என்பாக்கும் கலங்கள் வரிசையா நிண்டால் நல்ல சகுனம். தடிச்ச நார்ப்படலமும், அதுக்குள்ள நிணநீர்க் கலமும் பிளாஸ்மாக் கலமும் கூடிக்கொண்டு போனால்தான் கவலை.

ஒலுவில்_லேப்:
நீலத்தில கவனம். நீங்க வைச்ச கொலாஜனும் மேசனில நீலம்தான். புது என்பெண்டால் நீலத்துக்குள்ள சிறு குழிகள், ஒவ்வொண்டிலும் ஒரு கலம். வைச்ச நார் கலமில்லாமல் துண்டுதுண்டாய்க் கிடக்கும். உடம்புக்குள்ள வைக்காத ஒரு சீமெந்து வில்லையை அதே போமலின், அதே ஈ.டி.ரி.ஏ., அதே சாயத்தால கொண்டுபோங்க. அதுதான் ஒப்பீடு.

கலவையையும் பாருங்க. கொலாஜன் சேர்ந்தால் பசை தடிக்கும், இறுக நேரம் எடுக்கும். தடிப்புக்குப் பயந்து திரவத்தைக் கூட்டினால் உறுதி குறையும், இறுகுமுன்ன இரத்தம் தூளைக் கழுவிக்கொண்டு போகும். அந்த நுண்துகளை விழுங்க மக்ரோபேஜ் கூட்டமாய் வரும், சிலைட்டில அழற்சி மாதிரித் தெரியும். பிழை சீமெந்தில இல்ல, கலக்கிற கரண்டியில. கொலாஜனைக் கிருமிநீக்கம் செய்தது எப்படி?

வாவிமீன்:
ஓட்டோகிளேவ். 121 பாகை, 15 நிமிடம்.

ஒலுவில்_லேப்:
ஐயோ! 121 பாகை நீராவியில கொலாஜனின் முப்புரி (மூன்று இழை முறுக்கு) அவிழ்ந்து ஜெலற்றினாகும். நீங்க வைச்சது ஜெலற்றின் சீமெந்து. சேரோட வாதாட முதல் ஆய்வின் தலைப்பை மாத்துங்க.