பாலி கிரிஸ் பிடியில் சிவப்புக் கல்: கழற்றாமல் கண்டுபிடிக்க வழி உண்டா?

வேளச்சேரி_வாள்:
பாலித் தீவுக் குத்துவாள், அதாவது கிரிஸ் ஒன்று. பிடி முழுக்கத் தங்கத் தகட்டில் செய்த உருவம். அதில் ஏழு சிவப்புக் கற்கள், எல்லாமே பின்பக்கம் மூடிய கட்டடம் (கல் பதித்த அமைப்பு). பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள வளையத்தில் பொடிப்பொடியாய் வெள்ளைக் கற்கள். சென்னை என்.எஸ்.சி. போஸ் ரோட்டில் ஒரு கடையில் மாணிக்கம் என்றார்கள், அடுத்த கடையில் கார்னெட் என்ற வேறு சிவப்புக் கல். கல்லைக் கழற்றாமல் எப்படி உறுதி செய்வது?

சௌகார்பேட்டை_லூப்:
மூடிய கட்டடத்தில் நிறத்தை நம்பவே கூடாது. கல்லுக்கு அடியில் பளபளப்பான மெல்லிய தகடு வைத்திருப்பார்கள். வெளிறிய கல்லும் அதனால் ரத்தச் சிவப்பாய்த் தெரியும். எடை, ஒப்படர்த்தி இரண்டும் கழற்றாமல் முடியாது. கீழிருந்து வெளிச்சம் போகாததால், கல்லுக்குள் ஒளியை ஊடுருவவிட்டுப் பார்க்கும் போலாரிஸ்கோப்பும் உதவாது.

முதலில் 10 மடங்கு லூப் (உருப்பெருக்கி), பக்கவாட்டில் சின்ன டார்ச். விளிம்பு மழுங்கி, உள்ளே கருத்த ஓரத்தோடு உருண்டைக் குமிழி தெரிந்தால் பெரும்பாலும் கண்ணாடி. குமிழியோடு வளைந்த கோடுகளும் இருந்தால் வெர்னூய் முறையில் (சுடரில் உருக்கி) செய்த செயற்கை மாணிக்கம். அது 1902க்குப் பிறகுதான் சந்தைக்கு வந்தது. ஆனால் அதை வைத்துப் பிடியின் வயதைச் சொல்லிவிடாதீர்கள். விழுந்த கல்லுக்குப் பதில் பிறகு வேறு கல் பதித்திருக்கலாம். ஏழையும் தனித்தனியாகப் பாருங்கள்.

அடுத்து டைக்ரோஸ்கோப், கல்லின் இரு நிறங்களைப் பிரித்துக் காட்டும் சிறு கருவி. மாணிக்கத்தில் ஊதா கலந்த சிவப்பு, ஆரஞ்சு கலந்த சிவப்பு என இரண்டு நிறம். கார்னெட், ஸ்பினல் (மாணிக்கம் போலவே தெரியும் வேறொரு கல்), கண்ணாடி மூன்றிலும் ஒரே நிறம். தகட்டில் பட்டுத் திரும்பும் ஒளி மங்கலாய் இருக்கும் என்பதால் கோணத்தை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும்.

அடையாறு_ஆய்வகம்:
மேலே சொன்னதோடு 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சும் சேர்த்துக்கொள்ளுங்கள், அறையை இருட்டாக்கி. கார்னெட் ஒளிராது. பர்மா மாணிக்கமும் சிவப்பு ஸ்பினலும் சிவப்பாய் ஒளிரும், செயற்கை மாணிக்கம் இன்னும் பளிச்சென்று. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: தாய்லாந்துப் பக்கத்து மாணிக்கத்தில் இரும்பு அதிகம், அதனால் சிவப்பு ஒளி அமுங்கிவிடும். ஒளிரவில்லை என்பதற்காகக் கார்னெட் என்று முடிவு கட்டக் கூடாது.

அப்படிக் குழப்பம் வந்தால், கல் எந்தெந்த நிற ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் கையடக்க ஸ்பெக்ட்ராஸ்கோப். அல்மண்டைன் கார்னெட்டில் 505, 527, 576 நானோமீட்டர் அருகே மூன்று கரும்பட்டைகள். மாணிக்கத்தில் 694 அருகே குரோமியக் கோடு. கல்லின் மேல்முகம் தட்டையாக இருந்து, பிடியைச் சாய்த்து ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளிவிலகல் எண் அளக்கும் கருவி) வைக்க முடிந்தால் மாணிக்கம் 1.762–1.770, ஸ்பினல் சுமார் 1.718. அல்மண்டைன் 1.76க்கு மேல் போவதால் அங்கே அந்த அளவை மட்டும் நம்பாதீர்கள். ஒரே கல்லில் இரட்டை அளவு வருகிறதா என்று பாருங்கள்; கார்னெட்டில் வராது, மாணிக்கத்தில் வரும்.

வேளச்சேரி_வாள்:
நன்றி. வெள்ளைக் கற்களுக்கு டைமண்ட் டெஸ்டர் போதுமா? பிடியைக் கழுவிவிட்டுச் சோதிக்கலாமா?

சௌகார்பேட்டை_லூப்:
வளையத்தை ஜாவாவில் மெண்டாக் என்பார்கள். பழசில் ரோஸ் கட் வைரம் வரும்: அடி தட்டை, மேலே முக்கோண முகங்கள். டெஸ்டர் முனையைக் கல்லின் நடுவில் நேர்க்குத்தாக வையுங்கள். உலோகம் பட்டாலும் கத்தும், பொடிக்கல்லில் அது சுலபமாக நடக்கும். டெஸ்டர் கத்தாத கல்லில், லூப்பில் பார்க்கும்போது முகங்களின் விளிம்பு இரட்டையாய்த் தெரிந்தால் பெரும்பாலும் சிர்க்கான் என்ற வேறு கல்.

தண்ணீர் வேண்டவே வேண்டாம். கல்லுக்கு அடியில் உள்ள தகட்டில் ஈரம் போனால் கருத்துவிடும், அதைத் திருப்பவே முடியாது. அல்ட்ராசோனிக், ஸ்டீம் சுத்தம் இரண்டும் கூடாது. மெல்லிய தகட்டுப் பிடிக்குள் பெரும்பாலும் மரமோ பிசினோ இருக்கும். சூடு பட்டால் பிசின் இளகித் தகடு நெளியும். காய்ந்த மென்தூரிகையே போதும்.

அடையாறு_ஆய்வகம்:
இன்னொன்று: அலகை வெறுங்கையால் தொடாதீர்கள். ஜாவா, பாலி அலகுகளுக்கு ஆர்செனிக் பூசும் வழக்கம் உண்டு. கையுறை போட்டு, அலகை உறையிலேயே வைத்துப் பிடியை மட்டும் சோதியுங்கள். ஆய்வகத்துக்குக் கொண்டுபோனால், பதித்த நிலையிலேயே சோதித்ததாக அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். கழற்றித் தரும்படி கேட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.