மேசையில் மூடும் விரல்கள் பிள்ளையின் கையில் மூடவில்லை: உதவி தேவை

பயிற்றுநர், கோவில்பட்டி

வணக்கம். நான் ஒரு பாலிடெக்னிக்கில் பட்டறைப் பயிற்றுநர். எங்கள் தெருவில் எட்டு வயதுப் பாப்பா ஒருத்தி இருக்கிறாள். பிறவியிலேயே இடக்கையில் விரல்கள் இல்லை. பாதி உள்ளங்கையும் மணிக்கட்டும் நன்றாக இருக்கின்றன. அவளுக்காக, செயற்கைக் கைகளை அச்சிட்டுத் தரும் இநேபிள் என்ற குழுவின் தன்னார்வலர்கள் இலவசமாகப் பகிரும் அன்லிம்பிட்டெட் ஃபீனிக்ஸ் கையை முப்பரிமாண அச்சில் எடுத்தேன். மணிக்கட்டைக் கீழே மடித்தால் நூல்கள் இழுபட்டு விரல்கள் மூட வேண்டும். நிமிர்த்தினால் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிறிய ரப்பர் வளையங்கள் விரல்களைத் திறந்துவிடும்.

முதலில் மூல வடிவத்தின் 130 விழுக்காடு அளவில் ஒன்று செய்து என் மணிக்கட்டாலேயே இயக்கிப் பார்த்தேன். அருமையாக மூடியது. பாப்பாவின் உள்ளங்கையை அளந்து 105 விழுக்காட்டுக்குக் குறைத்து மறுபடி அச்சிட்டேன். மேசைமேல் வைத்து நூலை இழுத்தால் மூடுகிறது. அவள் கையில் மாட்டினால் பாதியில் நின்றுவிடுகிறது. கட்டைவிரல் அசையவே இல்லை. நூலை இன்னும் இறுக்கினேன். இப்போது விரல்கள் முழுதாகத் திறப்பதும் இல்லை. இரண்டு முறை நூல் அறுந்தும்விட்டது.

எல்லாப் பாகமும் பிஎல்ஏ என்ற அச்சுப் பிளாஸ்டிக். நூல் சாதாரண நைலான் தூண்டில் நரம்பு. போன வாரம் பைக் பெட்டியில் வைத்து வெயிலில் எடுத்துப்போனதில் முன்கைப் பட்டை கொஞ்சம் விரிந்துவிட்டது. அது தனிக் கதை, பிறகு பார்த்துக்கொள்வேன்.

அவள் என்னிடம் ஒன்றுமே குறை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கடைசல் பட்டறை, கோவை

ஐயா, இறுக்குவதை உடனே நிறுத்துங்கள். இழுக்கும் விசை போதாமல் விரல்கள் நிற்கவில்லை, எங்கோ உராய்வு பிடிக்கிறது. அளவைக் குறைக்கும்போது நூல் ஓடும் துளையும் குறைகிறது. 130-இல் 2 மி.மீ. இருந்த துளை 105-இல் ஏறக்குறைய 1.6 தான். அச்சிடும்போது துளையின் மேற்கூரை தொய்ந்து இறங்குமே, அந்தத் தொய்வு மட்டும் அளவோடு குறைவதில்லை. ஆகவே சிறிய கையில் வழி இன்னும் அடைபடும்.

சோதனை எளிது. எல்லா நூலையும் எல்லா ரப்பரையும் கழற்றிவிடுங்கள். கையைக் குப்புறப் பிடித்தால் ஒவ்வொரு விரலும் தன் எடையாலேயே தொங்க வேண்டும். தொங்காத கணுவின் ஊசியைக் கழற்றி, துளையை ட்ரில் பிட்டை விரலால் திருகியே பெரிதாக்குங்கள். மின் ட்ரில் வேண்டாம். சூட்டில் பிஎல்ஏ உருகி மறுபடி ஒட்டும். நூல் வழியையும் அப்படியே. விளிம்பு கூராக இருந்தால் நூல் அங்கேதான் அறுந்திருக்கும், உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள்.

பிறகு ரப்பர். பெரிய கையை நீங்கள் உங்கள் மணிக்கட்டால் சோதித்தீர்கள். உங்கள் மணிக்கட்டுக்கு அந்த ரப்பரின் எதிர்ப்பு ஒரு பொருட்டே இல்லை. எட்டு வயதுப் பிள்ளைக்கு அது பெரும் பாரம். விரலைத் திறக்க மட்டும் போதுமான, மிக மெல்லிய வளையமாக மாற்றுங்கள்.

பல் ரப்பர் என்றதும் நினைவுக்கு வந்தது. இந்தக் கையின் முன்னோடியைச் செய்தவரே ஒரு பல் மருத்துவர்தான். 1840களில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ராபர்ட் நார்மன் என்பவர் கார்ப்பரல் கோல்ஸ் என்ற படைவீரருக்காகத் திமிங்கில எலும்பும் கப்பிகளும் வைத்து ஒரு கை செய்தார். 2011-இல் ஜோகன்னஸ்பர்க் தச்சர் ரிச்சர்ட் வான் ஆஸ் அறுவை இயந்திரத்தில் விரல்களை இழந்தார். அவரும் அமெரிக்கரான ஐவன் ஓவனும் வழி தேடியபோது கைகொடுத்தது அந்தப் பழைய கைதான். 2013-இல் வடிவமைப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டுவிட்டார்கள். அதனால்தான் நீங்களும் நானும் இன்று இதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

நாவாந்துறை, யாழ்ப்பாணம்

தம்பி, நான் அறுபதைக் கடந்தவன், அந்த உரிமையில் தம்பி என்கிறேன். நைலான் தங்கூசி இதற்கு உதவாது. அது இழுபட இழுபட நீளும். மணிக்கட்டு தரும் கொஞ்ச அசைவை நூலே விழுங்கிவிடும். மீன்பிடிச் சாமான் கடையில் பின்னல் நூல் கேளுங்கள், அது நீளாது. ஆனால் வழுக்கும், சாதாரண முடிச்சு தானாக அவிழும். இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்து, முடிச்சின்மேல் மட்டும் ஒரு சொட்டுப் பசை வையுங்கள். நூலில் பசை ஓடினால் அந்த இடம் குச்சிபோல் விறைத்து, பிறகு அங்கேயே முறியும்.

செயல்முறைச் சிகிச்சையாளர், வேலூர்

ஐயா, அந்த முன்கைப் பட்டையைத் தனிக் கதை என்கிறீர்கள். எனக்கு அதுதான் பாதிக் காரணமாகத் தெரிகிறது.

நூல்களின் மறுமுனை கட்டியிருக்கும் அந்தப் பட்டை கையில் அசையாமல் நின்றால்தான் மணிக்கட்டின் மடிப்பு நூலுக்குப் போகும். விரிந்த பட்டை, மடிக்கும்போது விரல் பக்கமாக நழுவிவிடும். நழுவுகிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் விரலுக்குப் போகவேண்டிய இழுப்பு. பட்டையின் பின் விளிம்பை ஒட்டி அவள் கையில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். மடிக்கச் சொல்லுங்கள். விளிம்பு கோட்டைவிட்டு நகர்ந்தால் காரணம் தெரிந்துவிடும். பட்டையின் கீல் மணிக்கட்டின் மூட்டுக்கு நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பிஎல்ஏ 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் மூடிய பெட்டிக்குள் அது நிற்காது. வெந்நீரில் இளக்கி, அவள் முன்கை அளவுக்குச் செய்த அச்சின்மேல் மறுபடி வளையுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் அவள் கையின்மேல் வைத்து வளைக்காதீர்கள். மற்ற பாகங்களைப் பிஇடிஜி என்ற பிளாஸ்டிக்கில் எடுத்தால் வெப்பத்தை இன்னும் தாங்கும்.

மணிக்கட்டு குறைந்தது 30 டிகிரியாவது மடிய வேண்டும், அளந்தீர்களா? முதல் வாரம் ஒரு வேளைக்குக் கால் மணி நேரம் போதும். கழற்றியபின் தோலில் சிவப்பு 20 நிமிடத்துக்குமேல் நீடித்தால் அந்த இடத்தில் மெத்தை மாற்ற வேண்டும். சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலோ அருகில் உள்ள மருத்துவமனையிலோ ஒருமுறை காட்டிவிடுங்கள்.

தென்காசி

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் தம்பிக்கு மணிக்கட்டுக்கு மேலேயே கை போய்விட்டது. இது பொருந்துமா?

செயல்முறைச் சிகிச்சையாளர், வேலூர்

பொருந்தாது. மணிக்கட்டு இல்லாதவர்களுக்கு முழங்கை மடிப்பால் இயங்கும் வடிவம் தனியாக இருக்கிறது. முழங்கைக்குக் கீழே போதிய நீளம் இருந்தால் எல்என்-4 என்ற செயற்கைக் கையும் உண்டு. ரோட்டரி சங்கங்கள் முகாம் நடத்தி இலவசமாகப் பொருத்துகின்றன. உங்கள் ஊர்ச் சங்கத்தில் கேளுங்கள்.

மதுரை வாசகி

எனக்கும் பிறவியிலேயே ஒரு கை இப்படித்தான். இப்போது முப்பத்தாறு வயது. அண்ணா, உங்கள் பதிவில் ஒன்று இல்லை. அந்தப் பாப்பா இந்தக் கையை எதற்காகக் கேட்டாள்? சிறுவயதில் எனக்கு ஒரு கை கொடுத்தார்கள். எல்லோரும் அவ்வளவு பாசமாகக் கொடுத்ததால் பிடிக்கவில்லை என்று சொல்லக் கூச்சம். அவள் ஒன்றும் சொல்லாததை நிறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மா அப்பா இல்லாத நேரம் பார்த்து அவளிடமே கேட்டுப் பாருங்கள்.

பயிற்றுநர், கோவில்பட்டி

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். பேனாக் கோட்டிலிருந்து பட்டை நன்றாகவே நகர்ந்தது. வேலூர் அம்மா சொன்னதே சரி. பட்டையை மறுபடி வளைத்து, துளைகளைப் பெரிதாக்கி, பின்னல் நூல், மெல்லிய ரப்பர் போட்டேன். கட்டைவிரல் உட்பட ஐந்தும் மூடுகின்றன. அளவுகோலை அழுத்திப் பிடிக்கிறாள், நோட்டுப் புத்தகத்தை ஏந்துகிறாள்.

மதுரைத் தங்கச்சி சொன்னபடி அவளிடம் கேட்டேன். கயிறு தாண்ட வேண்டுமாம். பள்ளியில் எல்லோரும் தாண்டுகிறார்கள், இவள் எண்ணிக்கை சொல்கிறாள். இந்தக் கையால் முயன்றோம். மணிக்கட்டு மடிந்திருந்தால்தான் பிடி நிற்கிறது. கயிற்றைச் சுழற்ற மணிக்கட்டை அசைத்தால் கைப்பிடி பறந்துவிடுகிறது.

செயல்முறைச் சிகிச்சையாளர், வேலூர்

கயிறு தாண்ட விரல்களே தேவையில்லை. உள்ளங்கையில் மாட்டும் ஒரு கிண்ணம் மட்டும் அச்சிட்டு, அதில் கயிற்றைக் கோத்துவிடுங்கள். விழுந்தால் கிண்ணம் தானாகக் கழன்று வரும்படி பட்டையைத் தளர்வாக வையுங்கள்.

பயிற்றுநர், கோவில்பட்டி

செய்தேன். நேற்று மாலை பதினொன்று வரை தாண்டினாள். எண்ணிக்கை சொன்னது நான். ஒரே ஒரு சிக்கல்: கிண்ணத்தில் கயிறு நுழையும் இடத்தில் முறுக்கு ஏறித் தேய்கிறது. அங்கே என்ன போடலாம்?

நாவாந்துறை, யாழ்ப்பாணம்

நூல் வாங்கிய அதே கடையில், தூண்டில் முறுக்காமல் இருக்க நடுவில் கோக்கும் பித்தளைச் சுழலி இருக்கும். பெரிய அளவாக ஒன்று வாங்கி, ஒரு வளையத்தைக் கிண்ணத்திலும் மறு வளையத்தைக் கயிற்றிலும் கட்டுங்கள், தம்பி. உப்புத் தண்ணீரிலேயே வருடக்கணக்கில் சுழல்வது அது.