மேல் கடைவாய்ப் பல் கீழே இறங்கிவிட்டது, என்ன செய்யலாம்?

வணக்கம். அம்மாவுக்கு வயது 56. கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்துப் பல வருடம் ஆகிவிட்டது, அந்த இடம் அப்படியே காலி. எதிரே கடிக்கப் பல் இல்லாததால் நேர் மேலே உள்ள பல் நன்றாக இறங்கி, மெல்லும்போது வெறும் ஈறில் இடிக்கிறது. முறுக்கு, சீடை எல்லாம் இப்போது மறுபக்கம்தான்.

காலி இடத்தில் இம்ப்ளான்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்கலாம் என்று போனால், மேல் பல்லைச் சரிசெய்யாமல் கீழே அதன் கேப்புக்கு (பல் வடிவ உறை) உயரம் கிடைக்காது என்கிறார்கள். அது புரிகிறது. வழி சொல்வதில்தான் ஆளுக்கொரு பேச்சு. ஒருவர், பல்லைத் தேய்த்து, தேவைப்பட்டால் ரூட் கெனால் (வேர்ச் சிகிச்சை) செய்து கேப் போடலாம் என்கிறார். இன்னொருவர், எலும்பில் மினி ஸ்க்ரூ வைத்துப் பல்லை மெல்ல மேலே ஏற்றலாம், சில மாதங்கள் ஆகும் என்கிறார். சொத்தையே இல்லாத பல்லைத் தேய்க்க எனக்கு மனசு வரவில்லை. பிடுங்கிவிடலாம் என்றவரிடம் அப்புறம் போகவே இல்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரையில் கட்டுக்குள் இருக்கிறது. இந்த வயதில் ஸ்க்ரூ முறையில் பல்லை ஏற்றிக்கொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வலி எப்படி? ஏற்றிய பல் மறுபடி இறங்கியதா? பல் மருத்துவர்கள் யாரும் இருந்தால், முடிவெடுக்கும் முன் என்ன எக்ஸ்ரே கேட்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.