பொருள்: மூட்டு, தசைநாண் ஸ்கானுக்குத் தமிழ்த் தலைப்பு (வெள்ளிக்கு முன்)

அன்பர்களே,
கொழும்பில் ஒரு கிளினிக்குக்கு மும்மொழித் துண்டுப்பிரசுரம் செய்கிறேன். சிங்களமும் ஆங்கிலமும் அச்சகம் போய்விட்டன. தோள், முழங்கால் மூட்டுகளையும் சுற்றியுள்ள தசைநாண் (தசையை எலும்போடு பிணைப்பது), இணையம் (எலும்பை எலும்போடு பிணைப்பது, லிகமென்ட்) முதலானவற்றையும் அல்ட்ராசவுண்டில் பார்ப்பதைப் பற்றியது. 'தசை வன்கூட்டுக் கழியொலிப் பரிசோதனை' என்று போட்டேன். மாமி வாசித்துவிட்டு, "வயித்தாலை போறவைக்கோ?" என்று கேட்டார்.
– மொழிபெயர்ப்பாளர், வெள்ளவத்தை

பிள்ளை,
அல்ட்ராசவுண்டுக்குக் கழியொலி என்பதில் ஒரு பிழையும் இல்லை. 'சால உறுதவ நனிகூர் கழிமிகல்' என்பது நன்னூல், கழி என்றால் மிகுதி. கழியூதாக் கதிர் (அல்ட்ராவயலட்) படித்த பிள்ளைகள் யாராவது கழிச்சலை நினைத்தார்களா? அதற்கு மீயொலிதான் சரி என்று யாரும் கிளம்புமுன் சொல்லிவிடுகிறேன்: 'மீயென மரீஇய இடம்வரை கிளவி' என்கிறார் தொல்காப்பியர். மீ இடத்தைக் குறிக்கும். மீயொலி என்றால் மேல்மாடி வீட்டு ரேடியோ.
– ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், கொட்டாஞ்சேனை

ஐயா,
கிளம்பிவிட்டேன். நம் காதின் எல்லையான 20,000 ஹெர்ட்ஸுக்கு மேலே என்பதும் அளவுகோலில் ஓர் இடம்தானே? கழி மிகுதி என்றால் எது மிகுதி, அதிர்வெண்ணா, இரைச்சலா? கழியொலி என்றதும் எனக்குக் கோயில் திருவிழா லவுட்ஸ்பீக்கர்தான் காதில் விழுகிறது. 'கேளா ஒலி' என்ற பழைய சொல் அழகு. ஆனால் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழேயும் நமக்குக் கேளாது. யானைகள் அதில் பேசிக்கொள்கின்றன.
– சென்னை உறுப்பினர்

யானையை வேறு இழைக்கு அனுப்புங்கோ. நாங்கள் பாவிப்பது கிட்டத்தட்ட ஒரு கோடி ஹெர்ட்ஸ். மீயோ கழியோ, ஸ்கான் என்று போட்டால் சனத்துக்கு விளங்கும்.

என் பிரச்சினை 'நரம்பு'. தோளில் நரம்பு அறுந்துட்டுது என்று வருவார்கள், அறுந்திருப்பது தசைநாண். ஜெல் பூசிக் கருவியை வைத்து, கையை உயர்த்தச் சொல்லி, நாண் தோள் எலும்புக்கு அடியில் நழுவுவதை அப்படியே பார்க்கலாம். எம்ஆர்ஐயில் அசையாமல் படுக்க வேணும். ஆனால் ஒலி எலும்பைத் தாண்டாது, மூட்டின் உள்ளாழம் தெரியாது. இதையும் பிரசுரத்தில் போடுங்கோ.

இன்னொன்று. கருவி கொஞ்சம் சாய்ந்தாலும் வெள்ளையாகத் தெரிய வேண்டிய நாண் கறுத்துப்போகும், கிழிவு மாதிரியே இருக்கும். நாருக்குச் செங்குத்தாகத் திருப்பினால் வெள்ளை திரும்பும். உண்மையான கிழிவு கறுப்பாகவே நிற்கும். மாணவர் எல்லாரும் ஏமாறுகிற இடம் இது. ஒரு சொல் தாருங்கோ.
– கிளினிக் டொக்டர்

டொக்டர்,
நோயாளியில் பிழை இல்லை. யாழின் தந்தியும் நரம்புதான். புறநானூற்றுக் கிழவிக்கு 'நரம்பெழுந் துலறிய நிரம்பா மென்றோள்'. அங்கே எழுந்து தெரிவது உங்கள் மூளை நரம்பு இல்லையே! யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்தார், நாங்கள் இன்னும் நரம்போடு நிற்கிறோம். நீங்கள் கேட்டதற்கு: 'திசைசார் எதிரொலி வேறுபாடு'.
– கொட்டாஞ்சேனை

அதைச் சொல்லி முடிக்குமுன் நோயாளி வீட்டுக்குப் போய்விடுவார். 'சாய்வுக் கருமை'?
– சென்னை

அது தோற்றத்தின் பெயர், பண்பின் பெயர் அல்ல.
– கொட்டாஞ்சேனை

மாணவர் காண்பது தோற்றத்தைத்தான். சாய்வுக் கருமையை எடுக்கிறேன்.
– டொக்டர்

எல்லாருக்கும் நன்றி. பிரசுரம் அச்சுக்குப் போய்விட்டது. தலைப்பு 'மூட்டு, தசைநாண் ஸ்கான்'. கீழே சின்ன எழுத்தில் 'கழியொலிப் பரிசோதனை'. நரம்பு வேறு, தசைநாண் வேறு என்று ஒரு வரி சேர்த்தேன். மாமிக்கு விளங்கியது.
– வெள்ளவத்தை

எக்ஸ்ரேயால் எடுக்கும் சீற்றி (CT) ஸ்கானும் ஸ்கான்தான். தலைப்பில் ஒலி எங்கே? எனக்குச் சம்மதமில்லை என்று பதிந்துகொள்ளுங்கள்.
– கொட்டாஞ்சேனை

தாமதமாகக் கேட்கிறேன், மன்னிக்கவும். முழங்காலில் 'இணையம்' கிழிந்தது என்று போட்டிருக்கிறீர்களே, இங்கே அதை இன்டர்நெட் என்றல்லவா வாசிப்பார்கள்?
– சென்னை