பயிற்சியில் எல்லாம் ஓடுகிறது, வகுப்பில் ஓடவில்லை. அடுத்த சுற்றை எப்படி நடத்துவது?

கரும்பலகை (கேள்வி)

வணக்கம். எங்கள் பள்ளியில் சக ஆசிரியர்களுக்கு டிஜிட்டல் கருவிகளைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. நான் கணக்கு ஆசிரியர், கணினி ஆள் இல்லை. கொஞ்சம் நோண்டத் தெரியும், அவ்வளவுதான்.

முதல் சுற்றுப் பயிற்சி கணினி ஆய்வகத்தில் நடந்தது. பவர்பாயின்ட், கூகுள் ஃபார்ம்ஸ், ஒரு வினாடி வினா செயலி, கணக்குப் படங்களை வரைந்து அசைத்துக் காட்டும் ஜியோஜீப்ரா என்று நான்கும் எடுத்தோம். எல்லோரும் ஆர்வமாகத்தான் செய்தார்கள். கருத்துப் படிவத்தில் 'மிகவும் பயனுள்ளது' என்று டிக் அடித்தும் கொடுத்தார்கள். ஆனால் வகுப்புக்குப் போனதும் யாரும் தொடவில்லை. தொட்டுப் பார்த்த ஓரிருவரும் விட்டுவிட்டார்கள். கேட்டால் வருகிற பதில்கள் இவை:

- புரொஜெக்டரில் வெறும் வால்பேப்பர்தான் தெரிகிறது, வீடியோ மடிக்கணினியிலேயே ஓடுகிறது. பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.
- வீட்டில் தயாரித்த ஸ்லைடை வகுப்புக் கணினியில் திறந்தால் தமிழ் எழுத்தெல்லாம் குப்பையாக வருகிறது.
- ஃபார்ம்ஸில் தேர்வு வைக்கலாம் என்றால் பிள்ளைகளிடம் போன் கிடையாது.
- இதையெல்லாம் மாட்டிக் கழற்றுவதற்குள் பாடவேளை முடிந்துவிடுகிறது.

இப்போது அடுத்த சுற்று வைக்கச் சொல்கிறார்கள். அதே பட்டியலை இன்னும் நிதானமாக நடத்துவதா, வேறு செயலிகளை எடுப்பதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

வயர்க்காரர்

முதல் இரண்டும் சின்ன விஷயம், உடனே சரி செய்துவிடலாம்.

வால்பேப்பர் மட்டும் தெரிகிறது என்றால் விண்டோஸ் புரொஜெக்டரை இரண்டாவது திரையாக எடுத்துக்கொண்டிருக்கிறது. விசைப்பலகையில் விண்டோஸ் விசையைப் பிடித்துக்கொண்டு 'பி' தட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் நான்கு தேர்வுகள் வரும். அதில் 'டூப்ளிகேட்' கொடுத்தால் மடிக்கணினியில் தெரிவதுதான் சுவரிலும் தெரியும். இந்த ஒரு வரியை எழுதி ஒவ்வொரு வகுப்பறை மேசையிலும் ஒட்டிவிடுங்கள். ஆய்வகத்தில் ஆளுக்கொரு திரை இருந்திருக்கும், புரொஜெக்டரை யாரும் மாட்டியே பார்த்திருக்க மாட்டார்கள். சரிதானா?

குப்பை எழுத்துக்கு ஒரு கேள்வி. வருவது வெறும் கட்டங்களா, இல்லை ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த கோலமா?

---

கரும்பலகை

சரிதான், ஆய்வகத்தில் புரொஜெக்டர் என் கையில் மட்டும்தான் இருந்தது.

எழுத்து நீங்கள் இரண்டாவதாகச் சொன்ன மாதிரிதான். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது.

---

வயர்க்காரர்

அப்படியென்றால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தைப் போர்த்தி வைத்திருப்பவை. எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனதும் போர்வை விலகி ஆங்கிலம் வெளியே தெரிகிறது. வெறும் கட்டங்கள் வந்திருந்தால் கதை வேறு: எழுத்து யூனிகோடாகத்தான் (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) இருக்கும், காட்டுவதற்கு அந்தக் கணினியில் எழுத்துரு இல்லை என்று பொருள்.

நிரந்தரத் தீர்வு யூனிகோடுக்கு மாறுவதுதான். பழைய கோப்புகளை மாற்ற இலவச எழுத்துரு மாற்றிகள் நிறைய இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒருமுறை படித்துப் பாருங்கள், கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறி உட்காரும். புதிதாகத் தட்டச்சு பழகுகிறவர்களுக்குத் தமிழ்99 விசைப்பலகையைக் காட்டுங்கள். அதில் உயிரெழுத்துகள் இடது கையிலும் மெய்கள் பெரும்பாலும் வலது கையிலும் வருவதால் கை சீக்கிரம் படியும். ஏற்கெனவே வேறு முறையில் வேகமாக அடிப்பவரை மாற்றச் சொல்லி வம்பு செய்ய வேண்டாம். பல மென்பொருள்களில் அவர் பழகிய அதே தட்டச்சு முறையில் யூனிகோடு வரவைக்க முடியும்.

நாளைக்கே பாடம் என்றால்: வீட்டுக் கணினியிலேயே பிடிஎஃப் ஆக மாற்றிக் கொண்டுபோகச் சொல்லுங்கள். அசைவூட்டமெல்லாம் போய்விடும், ஆனால் எழுத்து நிற்கும்.

---

பாடவேளை8

வயர்க்காரர் சொன்னதை முதலில் முடித்துவிடுங்கள். ஆனால் உங்கள் அடிப்படைக் கேள்விக்கு என் பதில்: அதே பட்டியலும் வேண்டாம், புதுப் பட்டியலும் வேண்டாம். பட்டியலே வேண்டாம்.

ஆசிரியர் பயிற்சி பற்றி புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1980-லேயே எழுதியிருக்கிறார்கள். கோட்பாட்டைச் சொல்வது, செய்து காட்டுவது, செய்ய வைப்பது, திருத்தம் சொல்வது, அதோடு பயிற்சிக்குப் பிறகு வகுப்புக்கே போய்த் துணை நிற்பது என்று ஐந்து கூறுகள். முதல் நான்கு இருந்தால் ஆளுக்குத் திறமை வரும், அந்தத் திறமை வகுப்பறைக்குள் போய்ச் சேருவதற்கு ஐந்தாவது வேண்டும் என்பதுதான் சாரம். கணினி நம் பள்ளிக்கூடங்களுக்குள் வருவதற்கு முன்பே சொன்ன விஷயம் இது. உங்கள் முதல் சுற்றில் நான்கு கூறுகளும் இருந்திருக்கும் போலிருக்கிறது.

அதனால் அடுத்த சுற்றை இப்படி வைத்துப் பாருங்கள். ஒவ்வொருவரிடமும் 'எந்தச் செயலி கற்க ஆசை?' என்று கேட்காதீர்கள். 'வருகிற வாரம் எடுக்கப்போகும் பாடத்தில், வருஷாவருஷம் பிள்ளைகள் சறுக்குகிற இடம் எது?' என்று கேளுங்கள். அந்த இடத்துக்குக் கருவி உதவும் என்றால் மட்டும் எடுங்கள். உங்கள் பாடத்திலேயே சொல்கிறேன். நேர்கோட்டின் சமன்பாட்டில் சாய்வு மாறினால் கோடு என்ன ஆகும் என்பதைப் பலகையில் காட்ட ஐந்து கோடு வரைய வேண்டும், வரைந்து முடிப்பதற்குள் பாதி வகுப்பு ஜன்னலைப் பார்க்கும். ஜியோஜீப்ராவில் ஒரு ஸ்லைடர் வைத்து இழுத்தால் கோடு கண்ணெதிரே சாய்கிறது, பூஜ்யத்தைத் தாண்டும்போது மறுபக்கம் கவிழ்கிறது. 'அடுத்து எந்தப் பக்கம் சாயும்?' என்று கேட்டுவிட்டு நிறுத்தி, பிள்ளைகள் ஊகித்த பிறகு இழுக்க வேண்டும். இந்த நிறுத்தம்தான் பயிற்சியில் பழக வேண்டியது. மென்பொருளில் பழக வேண்டியது ஒரு ஸ்லைடர் மட்டுமே.

அறிவியல் எடுப்பவர்களுக்கு ஃபெட் (PhET) உருவகங்களைக் காட்டுங்கள், திரையிலேயே செய்து பார்க்கிற பரிசோதனைகள் அவை. 2001-ல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் அடுத்த வருடமே கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம். மின்சுற்று, அணு, விசை எல்லாம் இருக்கிறது. ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாக இறக்கி பென் டிரைவில் போட்டுக்கொண்டால் இணையம் இல்லாமலே பிரவுசரில் திறக்கும். வகுப்பில் நெட் வரவில்லை என்ற சாக்கு அதோடு போச்சு.

---

சாம்ர்_ரசிகர்

வகுப்பில் கருவி எந்த அளவுக்குப் பயன்படுகிறது என்று நான்கு படிகளாகப் பிரித்துப் பார்க்கும் ரூபன் புவென்டெதுராவின் சாம்ர் (SAMR) மாதிரியை முதலில் விளக்கிவிட்டு ஆரம்பித்தால் ஆசிரியர்களுக்கே தெளிவு வரும். பழைய வேலைக்கு மாற்றாகக் கருவியைப் போடுவது கீழ்ப்படி, கருவி இல்லாமல் செய்யவே முடியாத புது வேலையை உருவாக்குவது மேல்படி.

---

பாடவேளை8

திட்டமிடுகிறவருக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் கேபிள் மாட்டவே தயங்குகிறவரிடம் நான்கு படி ஏணியைக் காட்டினால், தான் கீழ்ப்படியில் நிற்பதுதான் அவர் மனதில் பதியும்.

---

சாக்பீஸ்_டீச்சர்

நான் அந்தத் 'தொடாத' கூட்டத்தைச் சேர்ந்தவள். எதிர்த்தரப்பிலிருந்தும் ஒரு குரல் இருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

எங்களுக்குக் கற்றுக்கொள்ள விருப்பமில்லை என்று நினைத்துவிடாதீர்கள் சார். பயிற்சியில் நடப்பதைச் சொல்கிறேன். கருத்தாளர், அதாவது பயிற்சி தருபவர், 'இதைச் சொடுக்குங்க' என்பார். நான் அம்புக்குறி எங்கே என்று தேடிக்கொண்டிருப்பேன். பின்னால் வந்து நின்றவர், 'கொடுங்க மேடம்' என்று மௌஸை வாங்கி, டக் டக்கென்று நாலு சொடுக்கு சொடுக்கி, 'அவ்வளவுதான்' என்று போய்விடுவார். வேலை முடிந்தது, என் திரையிலும் விடை வந்துவிட்டது, நானும் வந்துவிட்டது என்று தலையாட்டிவிடுவேன். ஆனால் என் கை ஒன்றுமே செய்யவில்லை. அடுத்த பயிற்சியில் ஒரே ஒரு விதி போடுங்கள்: கருத்தாளர் யார் மௌஸையும் தொடக்கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்ல வேண்டும். நேரம் இரண்டு மடங்கு ஆகும், ஆகட்டும்.

இன்னொன்று. பிள்ளைகள் முன்னால் மாட்டிக்கொள்கிற பயம். பலகையில் தப்பாக எழுதினால் அழித்துவிட்டு எழுதலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். திரை கறுத்துப்போனால் நாற்பது பேரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆகவே கருவி ஓடுவதை மட்டும் சொல்லிக்கொடுக்காமல், ஓடாமல் போனால் என்ன செய்வது என்பதையும் பயிற்சியிலேயே ஒத்திகை பாருங்கள். நடுவில் வேண்டுமென்றே கேபிளைப் பிடுங்குங்கள். 'இப்போது பாடத்தை எப்படித் தொடர்வீர்கள்?' என்று கேளுங்கள். ஒரு நிமிஷத்துக்கு மேல் போராடாமல் சாக்பீஸை எடுத்துவிடலாம் என்று அங்கேயே வெளிப்படையாகச் சொன்னால் எங்களுக்குப் பாதி பயம் போய்விடும். கேபிள் மாட்டத் தெரிந்த இரண்டு மாணவர்களை வகுப்புக்குப் பொறுப்பாக்குவதும் நல்லது. அதில் கௌரவம் ஒன்றும் குறையாது. அவர்கள் இன்னும் ஒழுங்காக உட்காருவார்கள்.

நான் விடாமல் பயன்படுத்துகிற ஒரே கருவி என்ன தெரியுமா? போன் கேமரா. மடிக்கணினியோடு இணைத்து, இரண்டு அடுக்குப் புத்தகத்துக்கு நடுவே பாலம் மாதிரி ஸ்கேலை வைத்து, அதன்மேல் போனைக் கவிழ்த்துவிடுவேன். கீழே ஒரு மாணவரின் நோட்டு. பெயர் இருக்கும் பக்கத்தைத் திருப்பிவிட்டு, அவர் போட்ட கணக்கைப் பெரிதாகச் சுவரில் காட்டி, 'எந்த வரி வரைக்கும் சரி?' என்று கேட்பேன். முன்பு இதற்குக் கணக்கு முழுவதையும் பலகையில் திரும்ப எழுத வேண்டியிருந்தது. அந்த எழுத்து வேலை மிச்சமானதால்தான் இதை விடவில்லை. ஸ்லைடில் பாடப்புத்தகத்தையே தட்டச்சு செய்து வாசிப்பதில் எனக்கு என்ன மிச்சம், நீங்களே சொல்லுங்கள்.

---

கரும்பலகை

டீச்சர், மௌஸ் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. கேபிள் ஒத்திகையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

போன் இல்லாத வகுப்பில் உடனுக்குடன் விடை வாங்குவதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா? அதைத்தான் நிறையப் பேர் கேட்கிறார்கள்.

---

கடைசிபெஞ்ச்

பிளிக்கர்ஸ் (Plickers) என்ற செயலியைப் பாருங்கள். ஆசிரியரிடம் ஒரு போன் இருந்தால் போதும். மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு காகித அட்டை. அதில் கட்டம் கட்டமாக ஒரு கறுப்பு உருவம், நான்கு பக்கத்திலும் பொடி எழுத்தில் நான்கு விடைக்குறிகள். தன் விடை மேலே வருமாறு அட்டையைத் திருப்பிப் பிடித்தால், நீங்கள் கேமராவை வகுப்பு முழுக்க ஒருமுறை ஓட்டியதும் யார் எதைச் சொன்னார் என்று போனில் விழுந்துவிடும். ஒவ்வொருவர் அட்டையிலும் உருவம் வேறு என்பதால் பக்கத்து ஆளைப் பார்த்துத் திருப்ப முடியாது. சாதாரணத் தொகுப்பில் 40 அட்டை, பெரிய வகுப்புக்கு 63 அட்டைத் தொகுப்பும் உண்டு. பிள்ளைகளின் பெயரை ஏற்ற வேண்டாம், வரிசை எண் போதும். அவர்களுக்குக் கணக்கு, மின்னஞ்சல் எதுவும் தேவையில்லை. பல செயலிகள் 13 வயதுக்குக் கீழே கணக்கு தொடங்க விடுவதில்லை என்பதால் இது பெரிய நிம்மதி.

ஆனால் விடை வந்த பிறகு என்ன செய்வது என்பதைச் சொல்லிக்கொடுக்காமல் அட்டையை மட்டும் கொடுத்தால் அது வெறும் வேடிக்கையாகிவிடும். ஹார்வர்டில் இயற்பியல் எடுக்கும் எரிக் மஸூர் 1991 முதல் செய்துவரும் முறை எனக்குப் பிடித்தது. கேள்வி கேட்டு, ஒவ்வொருவரும் தனியாக விடை சொன்னதும் கணக்குப் பாருங்கள். 30 சதவீதத்துக்குக் கீழே சரி என்றால் திரும்ப விளக்க வேண்டும். 70-ஐத் தாண்டினால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகரலாம். நடுவில் விழுந்தால்தான் விசேஷம்: சரியான விடையைச் சொல்லாமல், வேறு விடை சொன்ன பக்கத்து ஆளிடம் வாதாடச் சொல்லி, பிறகு மறுபடி அட்டையைத் தூக்கச் சொல்ல வேண்டும். பயிற்சியில் ஆசிரியர்களையே மாணவர்களாக உட்கார வைத்து, அவர்களுக்கே குழப்பம் தருகிற ஒரு கேள்வியைக் கேட்டு இதைச் செய்யுங்கள். சத்தம் தானாக வரும்.

---

கரும்பலகை (நிலவரம்)

இரண்டாம் சுற்று நடந்தது. ஆய்வகத்தை விட்டுவிட்டு அவரவர் வகுப்பறையிலேயே, அங்கே இருக்கிற புரொஜெக்டரோடு. ஆளுக்கு ஒரு பாடம், ஒரு கருவி. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன், அது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது. கேபிளைப் பிடுங்கியபோது முதலில் முறைத்தார்கள், அப்புறம் ஒருவருக்கொருவர் பிடுங்கி விளையாட ஆரம்பித்துவிட்டார்கள்.

எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. மொழிப்பாடம் எடுப்பவர்கள் சிலர் தங்களுக்குத் தேவைப்படவில்லை என்கிறார்கள். அவர்கள் பாடம் நன்றாகப் போகிறது, நான் வற்புறுத்தவில்லை. புத்தகப் பாலம் மட்டும் நிறைய மேசைகளில் முளைத்துவிட்டது.

ஒரு சிக்கல்: பிளிக்கர்ஸில் முன் வரிசைகள் விழுகின்றன, ஜன்னலோரமும் கடைசி வரிசையும் விழவில்லை. அட்டை கிழியாமல் இருக்க லேமினேட் செய்திருக்கிறோம்.

---

கடைசிபெஞ்ச்

லேமினேஷன்தான் வினை. பளபளப்பில் வெளிச்சம் பட்டு உருவம் கேமராவுக்குத் தெரிவதில்லை. பளபளப்பில்லாத தடித்த தாளில் அடித்துக் கொடுங்கள். ஜன்னலோரத்துக்கு, வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்குமாறு நின்று ஸ்கேன் செய்யுங்கள். பிள்ளைகள் அட்டையின் ஓரத்தைப் பிடிக்கிறார்களா என்றும் பாருங்கள், விரல் உருவத்தின் மேல் விழுந்தாலும் எடுக்காது. கடைசி வரிசைக்கு நாலு எட்டு முன்னால் நடந்து போனால் முடிந்தது.

---

கரும்பலகை

தடித்த தாளில் அடித்தாயிற்று. கடைசி வரிசையும் விழுகிறது, ஒரு பையன் மட்டும் வேண்டுமென்றே விரலை வைத்து மறைக்கிறான். அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். எல்லோருக்கும் நன்றி, இழையைத் 'தீர்ந்தது' என்று குறித்துவிடுகிறேன்.